இரண்டாவது ஆரனுக்கு முன்னால்

பிள்ளைகளே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு வண்டி ஆரன் அடித்தால் நான் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிடுகிறேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சின்னவன் வேண்டுமென்றே என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று வாயால் ‘பாம்’ என்று ஊதிக் காட்டுவான். அதற்கும் எழுந்துவிடுவேன். நீங்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்துவிடுவதால் இது உங்களுக்கு ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. உங்கள் அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். அது ஏன் என்று மூத்தவள் போன வாரம் கேட்டாள். வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

மூத்தவளே, இது உனக்குப் பேர் விட்ட கதைதான்.

நீ பிறந்த வருஷம் நான் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தேன். பெரிய பங்க் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு புளியமரம், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பம்பு, அவ்வளவுதான். பம்பின் தலையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் இருக்கும். பக்கத்துக் கைப்பிடியை இப்படியும் அப்படியும் தள்ளினால் பூமிக்குள் இருக்கிற டாங்கியிலிருந்து பெட்ரோல் ஏறி ஒரு குடுவை நிறையும். அது குழாய் வழியாக வண்டிக்குள் இறங்க இறங்க மற்றது நிறையும். டாங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பதற்குத் தரையோடு தரையாக ஒரு குழாய் வாய் உண்டு. அதன் பித்தளை மூடியைத் திருகி எடுத்துவிட்டு அளவுக் கம்பை உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும்.

காலன் கணக்கில் பெட்ரோல் ஊற்றினது போய் லிட்டர் கணக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பழைய ஆட்கள் ‘நாலு போடு’ என்பார்கள். நாலு லிட்டர் போட்டால், ‘என்னவே, முள்ளு அசையவே இல்ல, ஏமாத்துதீரா?’ என்று சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொருவரிடமும் காலனா லிட்டரா என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கும். அப்படிக் கேட்டதற்கே சிலருக்குக் கோபம் வரும்.

என்னோடு இன்னொருவரும் அங்கே வேலை பார்த்தார். பெட்ரோல் வாடையில் தலை சுற்றுகிறது, சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று சித்திரையோடு நின்றுகொண்டார். முதலாளி வேறு ஆள் போடவில்லை.

“ஒரு கைப்பிடிக்கு எதுக்குவே ரெண்டு ஆளு?” என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தருவார். ஆனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. “ஒரு ஆரன் அடிச்சா நீரு வண்டிகிட்ட நிக்கணும். ரெண்டாவது ஆரன் விழப்படாது. ரெண்டாவது ஆரன் அடிக்கான்னா அவன் வையுததுக்கு வாயத் தொறந்துட்டான்னு அர்த்தம்.”

அதை அவர் சரியாகத்தான் சொன்னார். குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கின முதல் வாரம், கொட்டகைக்குள் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தபோது வெளியே ஒரு பிளஷர் கார் வந்து ஆரன் அடித்தது. கை கழுவிவிட்டு வருவோம் என்று செம்பை எடுத்தேன். அதற்குள் இரண்டாவது ஆரன் விழுந்துவிட்டது. ஓடினேன். உள்ளே இருந்தவர் தலையில் எண்ணெய் வழிய, ஈரத் துண்டைத் தோளில் போட்டிருந்தார். அருவியில் குளித்துவிட்டு வருகிற மனுஷன். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றுவிட்டு வந்தவருக்கு அவ்வளவு சூடான வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“எவம்லே இங்கன? உசுரோட இருக்கியா, செத்துட்டியா?”

பின் சீட்டில் அவருடைய பிள்ளைகள் மூன்று பேர் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். கைப்பிடியைத் தள்ளி முடிக்கிறவரை அந்தப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் பங்கில் நான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

உங்கள் அம்மா அப்போது தலைப்பிரசவத்துக்குச் சுரண்டையில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வாடகை வீட்டைப் பூட்டிவிட்டுக் கொட்டகையிலேயே ஒரு பாயை விரித்துக்கொண்டேன். நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. போகிற வண்டி எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கும்: “அருவியில தண்ணி விழுதா?” நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. திரும்பி வருகிறவர்களின் துண்டைப் பார்ப்பேன். துண்டு நனைந்து முகம் வெளுத்து வந்தால், “நல்லா விழுது சார்” என்பேன். துண்டு காய்ந்திருந்தால், “கொஞ்சம் கம்மிதான்” என்பேன்.

என்னை ஒருவர் ‘பம்பு’ என்பார், ஒருவர் ‘பெட்ரோல்’ என்பார், ஒருவர் ‘ஓய்’ என்பார். முக்கால்வாசிப் பேர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆரன் அடிப்பார்கள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அப்பாவும் அம்மாவும் நான் கலியாணம் முடிப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். உங்கள் அம்மா என் பேரைச் சொல்ல மாட்டாள், அது வழக்கம் இல்லையா. ஒருநாள் முகம் கழுவும்போது, இந்தச் சாரல் தொடங்கினதிலிருந்து என் பேர் என் காதில் விழவே இல்லை என்று நினைப்பு வந்தது. அதை நினைத்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு ஆரன் கேட்டது. ஓடினேன். அதற்குப் பிறகு அதை நினைக்க நேரம் இருக்கவில்லை.

பெட்ரோலுக்கு நிற்காத வண்டி அடித்தாலும் எழ ஆரம்பித்தேன். புளியறை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரிக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பங்குக்கு நேரே வரும்போது வேண்டுமென்றே ஒரு அடி அடிப்பார்கள். நான் எழுந்ததும் கிளீனர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, “எந்தா சேட்டா, சொகம்தானா? உக்காரு உக்காரு!” என்று கத்திக்கொண்டே போவான். கோபம் வரவில்லை. ஒருத்தன் சொகமா என்று கேட்டானே என்றுதான் இருந்தது.

நீ பிறந்த சேதி எனக்கு பஸ்ஸில்தான் வந்தது. சாரல் காலத்தில் சுரண்டை பஸ்ஸை குற்றாலம் வரைக்கும் விடுவார்கள். அதன் கண்டக்டர் உங்கள் தாத்தாவுக்குப் பழக்கம். பஸ் நிற்காது. படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

“அண்ணாச்சி! பொம்பளப் பிள்ளை! ரெண்டு பேரும் சொகம்!”

பஸ் போய்விட்டது. நான் சாலையிலேயே நின்றேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. அடுத்து ஒரு கார் வந்து நின்றது.

“சார், எனக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு சார்” என்றேன்.

“சந்தோசம். பின் டயர்ல காத்துப் பாரு” என்றார்.

காற்றுப் பார்த்தேன்.

அன்று மாலை முதலாளி வந்ததும் கேட்டேன். சீசன் நேரத்தில் பங்கைப் பூட்ட முடியாது என்றார். பிள்ளை எங்கே போய்விடப் போகிறது என்றும் சொன்னார். அதுவும் சரிதான் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் பேர் விடுகிற நாள் வந்தபோது பொறுக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் காதில் வெற்றிலையை வைத்து மறைத்துக்கொண்டு, தகப்பன்தான் முதலில் பேரைச் சொல்ல வேண்டும். அவன் வாயிலிருந்து விழுகிறவரை அந்தப் பேரை வேறு யாரும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அப்பா எனக்கு அப்படித்தான் சொன்னாராம். உனக்கு என் அம்மாவின் பேர் என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். அந்தப் பேரும் யாரும் கூப்பிடாமல் சும்மா கிடந்த பேர்தான்.

மறுபடியும் முதலாளியிடம் போய் நின்றேன்.

“மொதலாளி, சுரண்டைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன். பிள்ளைக்குப் பேர் விடணும்.”

“உம்ம மச்சினனுக்கு வாய் இல்லியா? அவன் விடட்டுமே.”

“எங்க வழக்கத்துல நான்தான் சொல்லணும்.”

“நான் என்ன தடுக்கவா செய்தேன்? அருவியில தண்ணி நிக்கட்டும், மறுநாளே கெளம்பும்.”

அதிலிருந்து காலையில் கண் விழித்ததும் மலையைப் பார்ப்பேன். மேகம் இறங்கி மலையை மூடியிருந்தால், இன்னும் ஒரு நாள் போச்சு என்று பாயைச் சுருட்டுவேன். ஊர் முழுக்க, கடைக்காரன், வண்டிக்காரன், எண்ணெய் தேய்க்கிறவன் எல்லாரும் தண்ணீர் விழ வேண்டும் என்று சாமி கும்பிடுகிற நேரம். நான் ஒருத்தன் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? வெளியில், “நல்லா விழுது சார்” என்று சொல்லிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினேன்.

குறித்த நாள் போனது. இன்னொரு நாள் குறித்தார்கள், அதுவும் போனது. ஒருநாள் குற்றாலத்துக்குப் போகிற வழியில் கண்டக்டர் படியிலிருந்து கத்தினார்.

“அண்ணாச்சி, உம்ம அத்தை சொல்லிவிட்டாக, பிள்ளை பேரு கேட்டு…”

மிச்சம் காற்றில் போய்விட்டது. பேரு கேட்டு என்ன? காய்ச்சலா? வேறு ஏதாவதா? பஸ் குற்றாலம் போய்த் திரும்புகிறவரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. யாருக்கு எவ்வளவு ஊற்றினேன் என்று தெரியாது. திரும்பி வரும்போது சாலை நடுவிலேயே போய் நின்றுவிட்டேன். டிரைவர் பிரேக் போட்டுவிட்டு வைதார். கண்டக்டர் மிச்சத்தைச் சொன்னார்.

“பேரு கேட்டு அழுதுன்னு சொல்லுதாக. ராவும் பகலும் அழுதாம். வெள்ளிக்கிழமை நீரு வரலன்னா உம்ம மச்சினன் பேர் விட்டுருவாராம். அவ்வளவுதான்வே, வழிய விடும்!”

வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. மலையில் மேகம் கொஞ்சமும் கலையவில்லை. அருவி அந்த வருஷம் விழுந்த மாதிரி எப்போதும் விழுந்ததில்லை என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் முதலாளியிடம் மூன்றாவது தரம் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். ஆண்பிள்ளை அழுதால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று ஏதோ ஒரு நினைப்பு. உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தனியாக நின்றுகொண்டே இருக்கிறவனுக்கு இப்படித்தான் யோசனை போகும்.

தண்ணீர் நிற்கவில்லை, பெட்ரோல்தான் நின்றது. டாங்கி லாரி வருகிற வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது என்று சேதி வந்தது. வியாழக்கிழமை மாலை பித்தளை மூடியைத் திருகிவிட்டுக் கம்பை இறக்கினேன். எடுத்துப் பார்த்தால் நுனி மட்டும் ஈரமாக இருந்தது. முதலாளிக்குக் கம்பைக் காட்டினேன். அவர் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“லாரி சனிக்கிழமைதான் வரும். ‘ஸ்டாக் இல்லை’ போர்டை மாட்டிட்டு காலையில போயிட்டு, இருட்டுததுக்கு முன்ன வந்துரும். பம்பு தனியாக் கிடக்கப்படாது” என்றார். பிறகு, “பிள்ளைக்கு என்ன பேரு?” என்று கேட்டார்.

“இன்னும் சொல்லக்கூடாது மொதலாளி” என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சாரலில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

காலையில் அரப்பு போட்டு உடம்பைத் தேய்த்தேன். தோலே சிவந்துவிட்டது, வாடை போகவில்லை. சுரண்டையில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் ஆச்சி, “வாங்க மாப்ளை, வண்டி வாசல்ல நிக்குதாக்கும்னு நெனச்சேன்” என்று மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. “என்னங்க, இப்படி மெலிஞ்சுட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். பிறகு உன்னைக் காட்டினாள். நீ அழுதுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாய் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாக அழுதாய்.

பட்டாசாலைக் கூடத்தில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். உங்கள் அம்மா உன்னை மடியில் வைத்து உட்கார்ந்தாள். என் கையில் ஒரு வெற்றிலையைக் கொடுத்தார்கள். பால் குடித்த மயக்கத்தில் நீயும் அடங்கிக் கிடந்தாய். ஆச்சி எல்லாரையும் பார்த்து, “ஏட்டி, பேசாம இருங்க” என்றாள். வீடே அமைதியாகிவிட்டது. நான் வெற்றிலையால் உன் காதை மறைத்துக்கொண்டு குனிந்தேன். காது எவ்வளவு சின்னதாக இருந்தது தெரியுமா. உள்ளே ஒரு பூனை மயிர். மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

வெளியே சாலையில் ஏதோ ஒரு வண்டி ஆரன் அடித்தது.

“வாறேன் சார்!”

சொன்னது நான்தான். எழுந்து நின்றுவிட்டேன். வெற்றிலை கீழே கிடந்தது. ஒரு கால் வாசலைப் பார்த்து நீண்டிருந்தது.

முதலில் ஆச்சிதான் பேசினாள். “இதென்ன பேரு மாப்ளை? வாறேஞ்சாரா?”

அவ்வளவுதான், வீடு முழுக்கச் சிரிப்பு. உங்கள் மாமா, “விடும்மா, பிள்ளை ஆப்பீசுக்குப் போற பிள்ளை. இப்பமே சார் போட்டுப் பழகுது” என்றான். நானும் சிரிக்கப் பார்த்தேன். என் கை பம்புக் கைப்பிடியைப் பிடித்த மாதிரி மடங்கி இருந்தது. அதை விரிக்க முடியவில்லை.

உங்கள் அம்மா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் செத்த சும்மா இருங்க” என்றாள். அவள் பிறந்த வீட்டில் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சிரிப்பு நின்றது. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “உக்காருங்க. அது உங்கள இல்ல” என்றாள்.

உட்கார்ந்தேன். ஆரன் திரும்பவும் அடித்தது. இரண்டாவது ஆரன். என் முழங்கால் தானாகத் தூக்கியது. அவள் உன்னை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் என் வேட்டி ஓரத்தைத் தரையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். யாரும் பார்க்காத மாதிரிதான் செய்தாள். வண்டி போகிறவரை விடவில்லை. எவனும் வந்து வையவில்லை. அது எனக்கு நம்பமுடியாத மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு உன் பேரைச் சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். ஆனால் எத்தனையோ நாளாகச் சாலையில் கத்திப் பழகின தொண்டை. காலனா லிட்டரா என்று கேட்கிற குரலில்தான் அது வந்தது. நீ தூக்கிப் போட்டு வீறிட்டு அழுதாய். “சரி, பேர் விழுந்துட்டு” என்று ஆச்சி சீனியை உன் நாக்கில் தடவினாள். எல்லாரும் உன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீ அப்புறம் அழவில்லை. பேர் கேட்டுத்தான் பிள்ளை அழுகிறது என்று ஆச்சி சொல்லிவிட்டது சரிதானோ என்னவோ.

சாப்பிட்டதும் புறப்பட வேண்டியிருந்தது. வாசலில் உங்கள் அம்மா, “வண்டிச் சத்தம் கேட்டா அங்கனயும் இப்படித்தான் எந்திக்கீங்களா?” என்று கேட்டாள். “அது வேலை” என்றேன். அன்றையிலிருந்துதான் அவள் இதற்குச் சிரிப்பதில்லை. சாரல் முடிந்து அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு, நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சோறு போடுவாள். இன்றைக்கும் அப்படித்தான். காற்றுக்குச் சாத்துகிறாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

பங்குக்கு வந்து சேரும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. ‘ஸ்டாக் இல்லை’ போர்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்ததால் போகிற கார்கள் எதுவும் மெதுவாகக்கூட ஆகவில்லை. ஆரன் இல்லாமல் அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. புளியமரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

வெளியே நின்றேன். என்ன இருந்தாலும் உன் காதில் நான் முதலில் சொன்னது ‘வாறேன் சார்’ என்பதுதானே. இரண்டாவதாகச் சொன்னதும் பேர் சொன்ன மாதிரி இல்லை, அதட்டின மாதிரிதான் இருந்தது.

மூடி மேல் கிடந்த புளிய இலைகளைத் துடைத்துவிட்டு, பித்தளை மூடியைத் திருகி எடுத்தேன். கம்பை இறக்கவில்லை. ஈரத் தரையில் முழங்கால் போட்டு, குழாய் வாயை ஒரு பக்கம் கையால் மறைத்துக்கொண்டு குனிந்தேன். வெறும் டாங்கி, வாடை மட்டும் மேலே வந்தது. உன் பேரை, காதில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி, மெதுவாகச் சொன்னேன். அடியிலிருந்து அது கொஞ்சம் பெரிதாகித் திரும்பி வந்தது. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தரமும் சொல்லிவிட்டு, அது திரும்பி வந்து அடங்குகிறவரை காத்திருந்து, மூடியைத் திருகினேன்.